மேத்தா கார்னர் மூடிய வருஷம்

பானு வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேத்தா கார்னரின் மாடிப்படியில் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் ஏறுகிறவர் ஏற முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் நடக்காது. கீழே டீவி, ஸ்டீரியோ, டெலிபோன் எல்லாம். மேலே புத்தகமும் பாட்டு கேசட்டும். சிகந்திராபாத்தில் கடிகார கோபுரத்திலிருந்து பாரடைஸ் பக்கம் போகிற சாலையில் முனைக்கடை அது. கடைக்குப் பலகையில் வேறு ஏதோ பெரிய பெயர் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது மேத்தா கார்னர்தான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பானுவின் அப்பா உலகநாதன் லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஜோலார்பேட்டைக்காரர். மௌலா அலி குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, மகளை எப்படியாவது ரயில்வேயில் சேர்த்துவிட வேண்டும் என்று பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுத வைத்தார். ஒன்றும் அமையவில்லை. அடுத்த பரீட்சை வரும்வரைக்கும் என்று சொல்லித்தான் அவளை மேத்தாவிடம் அனுப்பினார். அடுத்த பரீட்சை வந்தது, பானு போகவில்லை. மாடி அவளுக்குப் பிடித்துவிட்டது.

அந்த நாளில் அவள் நிறையச் சிரிப்பாள். மேத்தா சாப் தும்முவதற்கு முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதை அப்படியே செய்து காட்டுவாள். ஒருமுறை அவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "நான் அவ்வளவு நேரமா நிற்கிறேன்?" என்று கேட்டார். திட்டவில்லை. குஜராத்தி மனிதர், கடையில் எல்லோரிடமும் ஹிந்திதான். பெண்பிள்ளைகளை 'பேட்டா' என்பார்.

ஊர் அப்போது பொங்கிக்கொண்டிருந்தது. அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பையன்கள் கும்பலாக வந்து தலையணை மாதிரி புத்தகங்களை வாங்கிப் போவார்கள். அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவன் கீழே பிளக் மாற்றி ஒன்று வாங்கிக்கொண்டு, விமானத்தில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்று மேலே வருவான். பிறகு மாதாப்பூர் பக்கம் ஃபிளாட் வாங்கிய இளம் ஜோடிகள் காரில் வந்தார்கள். புருஷன் கீழே ஹோம் தியேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பான்; பெண்டாட்டி மேலே குழந்தைக்குப் படப்புத்தகங்களாக அள்ளுவாள். யாரிடம் போய்ப் பேச வேண்டும், யாரைத் தனியாக விட வேண்டும் என்பது பானுவுக்குப் படியேறி வரும் நடையிலேயே தெரிந்துவிடும்.

கல்யாணம் ஆனது. பூபாலன் பாலாநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டர்னர். மல்காஜ்கிரியில் வீடு பிடித்தார்கள். யாமினி பிறந்தாள். மகப்பேறு முடிந்து வந்தபோது மேத்தா அவளை மாடிக்குப் பொறுப்பாக்கினார். எந்தப் புத்தகத்தை வரவழைப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவள் கையில் வந்தது.

ஸ்வரூபா வந்தது அதற்கப்புறம். வாராசிகூடாவைச் சேர்ந்த தெலுங்குப் பெண். பானுவைவிடச் சிறியவள். புருஷன் துபாய்க்குப் போனவன், ஒரு வருஷம் போன் பண்ணினான், பிறகு நிறுத்திவிட்டான். அம்மாவும் ஒரு சிறுவனும் அவள் சம்பளத்தில். இருவரும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து பேசிக்கொள்வார்கள். மதியம் கடைசி அலமாரிக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பானுவின் புளிக்குழம்பை ஸ்வரூபாவும் ஸ்வரூபாவின் புளிச்சகீரைக் கோங்கூராவை பானுவும் சாப்பிடுவார்கள். பானு பேச்சுவாக்கில் ஏதாவது சொன்னால்கூட, "அக்கா சொன்னாங்க" என்று ஸ்வரூபா கீழே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள்.

வியாபாரம் எந்த நாளில் விழுந்தது என்று கேட்டால் பானுவால் சொல்ல முடியாது. முதலில் கேசட் போனது. அந்த இடத்துக்கு சீடி வந்தது. சீடியும் போனது, அங்கே வாழ்த்து அட்டை வைத்தார்கள். அதையும் எடுத்துவிட்டு பென் டிரைவ், குவளை, சாவிக்கொத்து என்று ஏதேதோ வைத்தார்கள். கீழே வருகிறவர்கள் டீவியைப் போட்டுக் காட்டச் சொல்லி, சாணால் அளந்து, விலையைப் போனில் யாருக்கோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தனித் தெலங்கானா கேட்டு பந்த் மேல் பந்த்தாக வந்து கடை பாதி நாள் இரும்புக் கதவு இறக்கியே கிடந்தது. கதவைத் தூக்கிய நாளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பத்மஜா மேடம் மௌலா அலி பக்கத்து மத்திய அரசு காலனியிலிருந்து வருகிறவர். தமிழ்க்காரர். குழந்தைகள் சின்னவர்களாக இருக்கும்போதிருந்தே வாடிக்கை. ஒரு சனிக்கிழமை அவர் புத்தகத்தின் பின்னட்டையைப் போனில் படம் எடுப்பதை பானு பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஒளிக்கவில்லை.

"நெட்ல ரொம்பக் குறைச்சலா வருது பானு. எழுத்து பொடிசா இருக்கான்னு மட்டும் இங்க வந்து பாத்துடறேன். தப்பா நினைச்சுக்காத."

பானு தப்பாக நினைக்கவில்லை. மேல்தட்டில் அதே புத்தகம் பெரிய எழுத்தில் இருந்தது. ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தாள். அதையும் அவர் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தசராவுக்கு முன்னால் மேத்தா அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சங்கராந்திக்கு அப்புறம் கடையை மூடப் போவதாகச் சொன்னார். கட்டடத்தை வேறு யாருக்கோ விடப்போகிறார். இது வெளியே தெரிந்தால் சரக்கு கொடுக்கிறவர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள், ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள், தீபாவளியில் வரவேண்டியதும் வராது. அவளிடம் சொல்வதற்குக் காரணம், புத்தகங்களைச் சிறுகச் சிறுகத் திருப்பி அனுப்ப வேண்டும், புதிதாக எதுவும் வரவழைக்கக் கூடாது. அவளுக்குத் தெரியாமல் அது நடக்காது. மகன் ருஷப் நெட்டில் விற்கிற வியாபாரம் தொடங்குகிறான். பாலாநகரில் கிடங்கு. அவளுக்கு அங்கே இடம் உண்டு.

"உனக்கு மட்டும்தான் பேட்டா. எல்லாரையும் எடுக்க முடியாது. யாரிடமும் வாயைத் திறக்காதே."

பானு சரி என்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கோபமாவது வரும் என்று பார்த்தாள். இரண்டும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு குடும்பம் துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலே போய், விட்ட இடத்திலிருந்து தூசி தட்டினாள்.

வீட்டில் பூபாலனிடம் சொன்னாள். அவன் வேலை செய்த தொழிற்சாலை அதற்கு முந்தின வருஷமே இழுத்து மூடியாகிவிட்டது. அங்கே இங்கே கூப்பிட்டால் போவான். மற்ற நாளில் வீட்டில். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தாமல் கேட்டான்.

"அப்ப ஒனக்கு வேலை இருக்குதில்ல?"

"இருக்குது."

"அப்பறம் என்னா."

அவன் கேட்டதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு ஓரிரு கட்டுகளாகப் புத்தகங்கள் திரும்பிப் போயின. அலமாரியில் பல் விழுந்தது மாதிரி இடைவெளி வந்தது. முதுகு தெரிய நெருக்கி அடுக்கியிருந்தவற்றை எடுத்து, அட்டை முன்பக்கம் பார்த்திருக்கும்படி ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தாள் பானு. பத்துப் புத்தகம் பிடிக்கிற தட்டில் மூன்று நின்றாலும் நிறைந்த மாதிரி இருந்தது. கீழேயும் அப்படித்தான். உள்ளே ஒன்றுமில்லாத டீவி அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கினார்கள். ஏன் என்று அடுக்கியவர்களுக்குத் தெரியாது. ஸ்வரூபா மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் கடை கடை மாதிரி அழகாக இருக்கிறது, இத்தனை வருஷம் ஏன் அக்கா இப்படி வைக்கவில்லை என்று கேட்டாள். பானு, இப்போதுதான் தோன்றியது என்றாள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் ஸ்வரூபா ஒரு சேதி கொண்டுவந்தாள். சிகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுடைய சித்தி மகள் அங்கே நர்ஸ். சொல்லிவைத்திருக்கிறாள், பேசியும் பார்த்துவிட்டார்கள், திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்று சொன்னால் போதும். சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் ஷிஃப்ட் மாறி மாறி வரும். பையனை யார் பார்த்துக்கொள்வது, அம்மாவுக்குக் கண் சரியில்லை. அதோடு ஆஸ்பத்திரி வாடையே தனக்கு ஆகாது. இங்கே என்றால் எட்டு வருஷமாகப் பழகிய இடம். பேசிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். மனசுக்குள் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள் என்பது பானுவுக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் அதை ஆமோதித்தால் போதும் என்றிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா. போகவா?"

பானுவின் வாயில் சோறு இருந்தது. மென்று முடிக்கிற நேரம் அவளுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் போ என்று சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாமலேகூடச் சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னால் ஸ்வரூபா போயிருப்பாள். பானு யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விழுங்கினாள்.

"இங்க என்ன குறை?" என்றாள்.

ஸ்வரூபாவின் முகம் தெளிந்துவிட்டது. நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லி, டப்பாவிலிருந்த கடைசிக் கரண்டி கோங்கூராவை பானுவின் தட்டில் வைத்தாள். பானு அதைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனசில் வரும். பஸ் வந்ததும் ஏற வேண்டும், இடம் பிடிக்க வேண்டும், யாமினிக்கு என்ன வாங்கிப்போக வேண்டும் என்று நினைப்பு வேறு பக்கம் போய்விடும். திங்கட்கிழமை வந்து போனது. அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆகிவிட்டது. அப்படி ஆனதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. கிறிஸ்துமஸ் வந்ததும் எப்போதும் போல் ஸ்வரூபா ஏணியில் ஏறி நட்சத்திரம் கட்டினாள். பானு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கராந்திக்கு அப்புறம் ஒரு காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மேத்தா எல்லோரையும் கீழே கூட்டினார். நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷக் கடை என்று ஆரம்பித்து நிறுத்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். தும்மல் வரவில்லை. கணக்கெல்லாம் ஒழுங்காக முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார், பிறகு கொடுக்கவும் செய்தார். கீழே வேலை செய்கிற சம்பந்தம் என்ற வயதானவர் மட்டும், நாங்கள் என்ன பாவம் பண்ணினோம் என்று தமிழில் யாரையும் பார்க்காமல் கேட்டார். ஸ்வரூபா மேத்தாவைப் பார்த்தாள். பிறகு பானுவின் பக்கம் திரும்பினாள். எல்லோருடைய முகமும் ஒரு மாதிரி இருந்தது; பானுவின் முகம் மட்டும் நேற்று இருந்த மாதிரியே இருந்தது.

மாடிப்படியில் ஏறும்போது ஸ்வரூபா பின்னாலேயே வந்தாள். நடுப்படியில் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"தசராவுக்கு முன்னாடி."

கீழே யாரோ இரும்புக் கதவைத் தூக்கினார்கள்.

"நான் ஆஸ்பத்திரி வேலையைப் பத்திக் கேட்டப்ப?"

"ஹவ். அப்பவும் தெரியும்," என்றாள் பானு.

பானு திட்டுக்குக் காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஸ்வரூபா தலையை ஆட்டினாள், ஏதோ விலை கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. பிறகு பானுவைத் தாண்டி மேலே போய் விளக்குகளைப் போட்டாள்.

மூடுகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் கூட்டம் வந்தது. பழைய நாளைப் போல் படியில் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. பாதி விலை என்று போர்டு வைத்தால் அதற்கும் குறைக்கக் கேட்டார்கள். ஒரு இளைஞன் தான் ஸ்கூல் படிக்கும்போது இங்கேதான் உட்கார்ந்து படிப்பேன் என்று சொல்லி, அந்த மூலையில் நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டான். பத்மஜா மேடம் வந்தார். பானுவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"மனசே ஆறலை பானு. இனிமே புஸ்தகம் பாக்கணும்னா எங்க போவேன்?"

தெரியவில்லை மேடம் என்றாள் பானு. அவர் ஒரு பை நிறைய வாங்கினார். படிவரைக்கும் பானு தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த நாட்களில் ஸ்வரூபா எப்போதும் போலவே வேலை செய்தாள். பில் போட்டாள், பை கொடுத்தாள், பானு கேட்டதை எடுத்துத் தந்தாள். மதியம் மட்டும் கீழே போய்ச் சாப்பிட்டாள். கேட்டால், கீழே காற்று வருகிறது என்றாள்.

கடைசி நாளில் அலமாரிகளை உப்பலில் மளிகைக்கடை வைக்கப் போகிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். கழற்றி வேனில் ஏற்றியபோது சுவரில் அலமாரி இருந்த இடமெல்லாம் பழைய பெயிண்ட் புதிது மாதிரி தெரிந்தது. மேத்தா எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார். கீழே இருந்த ஆண்கள் இரண்டு பேர் அழுதார்கள். பானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வேண்டுமென்றுதான். துடைக்க ஒன்றும் இல்லை. ஸ்வரூபா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தினமும் சொல்வது மாதிரி, "வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாலாநகர் கிடங்கு ஒரு காலத்தில் பட்டறையாக இருந்த கொட்டகை. சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை எத்தனை கழுவினாலும் போகவில்லை. வரும் ஆர்டரைக் கம்ப்யூட்டர் காட்டும். பொருளை எடுத்து, குமிழித் தாளில் சுற்றி, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே சீட்டு ஒட்ட வேண்டும். செல்போன் உறை, ஹெட்போன், சார்ஜர், கொஞ்சம் புத்தகம். ருஷப் நல்ல பையன். அப்பாவைப் போல் கத்துவதில்லை, பேட்டா என்பதும் இல்லை, பானுஜி என்பான். நாள் முழுக்க ஒரு வாடிக்கையாளர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. முதல் மாதம் அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் யாமினி தெலுங்கில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நேரமாகும். கேட்டது காதில் விழுந்திருக்கும், அதற்கு ஒரு பதில் வேண்டும் என்பது பிறகுதான் உறைக்கும். பூபாலன் ஒருநாள், "ஏன் இப்டி ஊமை மாதிரி இருக்க?" என்று கேட்டான். களைப்பு என்றாள்.

ஸ்வரூபாவைப் பற்றிய சேதி சம்பந்தம் மூலம் வந்தது. அவர் இப்போது ஒரு அடுக்குமாடி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். ஸ்வரூபா ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாளாம். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறாள். பையனை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டாள். இப்போது ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். உட்காரக் கூடாது என்று அங்கே சட்டமாம்.

மழை தொடங்கிய சமயத்தில் ருஷப்புக்கு இன்னும் ஆள் தேவைப்பட்டது. பானுவே போய் ஸ்வரூபாவின் பெயரைச் சொன்னாள். அவளாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது அந்த வருஷத்தில் அதுதான். அப்பா கடையில் இருந்தவர்தானே, வரச் சொல்லுங்கள் என்றான் ருஷப். புடவைக்கடையைவிட அதிகமாகவே தருவதாகச் சொன்னான். உட்கார்ந்து செய்கிற வேலை. பானு போன் பண்ணினாள். மணி அடித்து நின்றது. மறுநாளும் அப்படியே. நேரிலேயே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றி, அம்மனுக்குப் பானை எடுக்கிற போனாலு பண்டிகை ஞாயிற்றுக்கிழமை மதியம் வாராசிகூடாவுக்குப் போனாள்.

தெருவில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். தலையில் பானை சுமந்த பெண்கள் அம்மன் கோவில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள், பின்னால் தப்பட்டை. ஸ்வரூபா வாசலிலேயே இருந்தாள். பானுவைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்க அக்கா என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். யாமினி எந்த வகுப்பு என்று கேட்டாள். அவள் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பின் வார் பதிந்த தடம் மேலே தெரிந்தது. பையன் டீவிக்கு முன்னால் இருந்தான். மேத்தா கார்னரில் ஆட்களுக்கென்று விலை குறைத்துக் கொடுத்த பழைய பெரிய டீவி அது.

பானு வேலை விஷயத்தைச் சொன்னாள். சம்பளம், நேரம், வாசலுக்கே வேன் வரும் என்பது எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்வரூபா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அம்மா சுவரோரம் உட்கார்ந்தபடி, நல்ல சேதிதானே என்றாள்.

"நக்கோ, வேணாம் அக்கா," என்றாள் ஸ்வரூபா.

பானு காரணம் கேட்கவில்லை. ஸ்வரூபாவே சொன்னாள். குரலில் சூடு இல்லை. கொஞ்சம் யோசித்து யோசித்து, சரியாகச் சொல்ல வேண்டும் என்பது போலச் சொன்னாள்.

"அங்க ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் தினமும் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். உங்க முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. என்னால முடியாது அக்கா."

பானு டீயைக் குடித்து முடித்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். அது தெலுங்கிலும் வரவில்லை, ஹிந்தியிலும் வரவில்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. எழுந்து, ஸ்வரூபாவின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். ஸ்வரூபா தெருமுனை வரைக்கும் கூடவே வந்து ஷேர் ஆட்டோ நிறுத்திக் கொடுத்தாள். பார்த்து ஏறுங்கள் என்றாள்.

தார்நாகாவில் இறங்கி பஸ் மாறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மல்காஜ்கிரி வந்து போனதை அவள் கவனிக்கவில்லை. கண்டக்டர் மௌலா அலி, மௌலா அலி என்று கூவியபோதுதான் இறங்கினாள். குன்றின்மேல் தர்காவின் சுவர் மழையில் நனைந்து தெரிந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்து சிமென்ட் திண்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கூடப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் நனைந்த குடையை உதறி, மேலே பட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, பரவாயில்லை என்றாள் பானு. எதிர்ப்பக்கம் போகிற பஸ் வருகிற வழியாக இல்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பூபாலன் சோறு வடித்து வைத்திருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. போன காரியம் என்னாச்சு என்றான்.

"வரலைன்னுட்டா."

"கோவமா இருக்காளா?"

பானு முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள்.

"இல்ல," என்றாள். "டீ போட்டுக் குடுத்தா."

மறுநாள் கிடங்குக்குப் போனதும் ருஷப்பிடம், அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள். அவன் சரி என்று சொல்லி, குகட்பல்லியிலிருந்து வேறொரு பெண்ணை அந்த வாரத்திலேயே எடுத்துக்கொண்டான். சின்னப் பெண், வாய் ஓயாமல் பேசுவாள். டேப்பை எப்படி இழுத்தால் சுருங்காமல் ஒட்டும் என்று பானு அவளுக்குச் செய்து காட்டினாள். அந்தப் பெண் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். பானு தன் மேசைக்குப் போய், வந்திருந்த அடுத்த ஆர்டரைப் பார்த்தாள்.